அரை அங்குல மரமும் ஈர மஞ்சள் துணியும்

ஓய்வு பெறுகிற நாளில் மணிக்கூடு ஒன்று தருவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். இருபத்துமூன்று வருடம் ஒரே கராஜில் குனிந்து நிமிர்ந்தவனுக்கு அது நியாயமான ஆசைதான். கிடைத்தது ஒரு பழைய பிஸ்கட் தகரம். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு கட்டுக் காகிதம், அதன்மேல் அரை அங்குலத் தடிப்பில் நாலு துளை போட்ட ஒரு மரத்துண்டு. மரத்துண்டை இப்போது எங்கள் வீட்டில் சூடான சட்டி இறக்கி வைக்கப் பாவிக்கிறோம். என் மனைவிக்கு அதன் வரலாறு தெரியாது. தெரிந்தால் சட்டியை வேறு எதன்மேலாவது வைப்பாள்.

கராஜ் பார்க் ரோயல் தொழிற்பேட்டையில் இருக்கிறது. பழைய கார்களின் எஞ்சினைக் கழற்றிவிட்டு பற்றரி பூட்டுகிற இடமாக இப்போது மாறிவிட்டது. அங்கே வேலை செய்கிறவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் பாதிப்பேர் காபரேட்டரைக் கண்ணால் கண்டதில்லை. பிரியாவிடைத் தேநீரின்போது ஒருவர் அந்த மரத்துண்டைத் தூக்கிப் பிடித்து, இது உண்மையில் என்ன செய்யும் என்று கேட்டார். ஒரு பக்கத்தில் எழுதித் தந்தால் சுவரில் மாட்டுவோம் என்றார்கள். இதைப் பற்றி ஒரு பக்கத்தில் பொய்தான் எழுதலாம். ஆகவே முழுவதையும் எழுதுகிறேன். சுவர் போதாவிட்டால் அது அவர்கள் பாடு.

முன்பு அது ஹொட் ரொட்களின் கராஜ். ஹொட் ரொட் என்பது பழைய அமெரிக்கக் காரின் உடம்பில் அதன் தகுதிக்கு மிஞ்சிய பெரிய எஞ்சினை ஏற்றி, கூரையைத் தாழ்த்தி, பளபளவென்று நிறம் பூசி ஓடுகிற வண்டி. பெட்ரோலைக் குடிக்கும், மழைக்கு ஒழுகும், சாமான் ஏற்ற இடம் இராது. அதனால்தான் அதை வைத்திருக்கிறவர்கள் அதன்மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள். எஞ்சினின் உச்சியில் காற்றையும் பெட்ரோலையும் கலக்கிற காபரேட்டர் உட்கார்ந்திருக்கும். அதன் கீழே, கலவையை எஞ்சினுக்குள் பிரித்து அனுப்புகிற மனிபோல்ட். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு தட்டை வைத்து காபரேட்டரைக் கொஞ்சம் உயர்த்தலாம். அந்தத் தட்டுத்தான் ஸ்பேசர்.

நாலு துளை போட்ட ஸ்பேசர் கலவையை நாலு தனிக் குழாய்களில் வேகமாக இறக்கும். காலால் மிதித்தவுடன் வண்டி சொன்ன சொல் கேட்கும். நடுவில் ஒரே பெரிய ஓட்டை போட்ட ஸ்பேசர் எஞ்சினுக்கு மூச்சுவிட இடம் கொடுக்கும். வேகம் உச்சத்துக்குப் போகும்போது அது உதவும், கீழே இருக்கும்போது கொஞ்சம் தூங்கவைக்கும். ஆக, ஸ்பேசர் புதிதாகப் பலத்தை உண்டாக்குவதில்லை. இருக்கிற பலத்தைக் கீழ் வேகத்திலிருந்து மேல் வேகத்துக்கோ மேல் வேகத்திலிருந்து கீழ் வேகத்துக்கோ மாற்றி வைக்கும். லண்டனில் இப்போது பாதித் தெருக்களில் மணிக்கு இருபது மைலுக்கு மேல் ஓட ஏலாது. இந்த ஊரில் உச்ச வேகத்துக்கு ஸ்பேசர் பூட்டுகிறவரைப் பற்றி நான் என்ன சொல்ல!

எனக்கு காபரேட்டர் பழக்கம் வந்த கதையை நாலு வரியில் முடித்துவிடுகிறேன். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் வராது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. நாலு சொட்டுப் பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். மண்ணெண்ணெய் குளிர்ந்தால் எரியாது, ஆகவே காபரேட்டரை எப்படியாவது சூடாக வைத்திருப்பதுதான் அங்கே என் தொழில். லண்டனுக்கு வந்து அகதி விண்ணப்பம், ஆங்கில வகுப்பு, சூப்பர்மார்க்கெட் ஷிப்ட் என்று நாலு வருடம் ஓடியபின் இந்தக் கராஜில் வேலை கிடைத்தது. இங்கே காபரேட்டரை எப்படியாவது குளிராக வைத்திருக்க வேண்டும் என்றார்கள். படித்த பாடத்தைத் தலைகீழாகப் படிப்பது அவ்வளவு கஷ்டமில்லை.

கராஜின் சொந்தக்காரி மொரீன். நான் சேரும்போது அவருக்கு ஐம்பது வயது இருக்கும். நீல மேலங்கி, காதில் பென்சில், கழுத்தில் சப்பாத்துக் கயிற்றில் கட்டிய ஒரு ஸ்டொப்வொட்ச். காலை வணக்கம் சொன்னால்கூட ஒருமுறை மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லுவார். கோபித்ததை நான் கண்டதில்லை. ஒரே ஒரு கேள்விதான் அவருடைய ஆயுதம். அவர் பேசுவது ஆங்கிலம், நான் தமிழில் தருகிறேன்.

"அளந்தாயா?"

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு ஸ்பேசரைப் பூட்டிவிட்டு, வண்டி இப்போது பறக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். மொரீன் தலையை ஆட்டினார். அடுத்த நாள் என்னைத் தேநீர் அறையில் இருத்தி, கதவைச் சாத்தி, தானே வண்டியில் வேலை செய்தார். மூன்றுமுறை என்னைக் கூப்பிட்டு ஹாங்கர் லேன் வரை ஒரே பாதையில் ஓட்டவிட்டார். ஒவ்வொரு முறையும் ஒரு காகிதத்தில் எப்படி இருந்தது என்று எழுதச் சொன்னார். இரண்டாவது ஓட்டம்தான் அபாரம், பதினைந்து குதிரைபலம் கூடியிருக்கும் என்று எழுதினேன். எந்த ஓட்டத்தில் எதைப் பூட்டினார் என்று முன்கூட்டியே எழுதி ஒட்டியிருந்த உறையை மொரீன் கிழித்து என் முன்னால் வைத்தார். இரண்டாவது ஓட்டத்தில் ஸ்பேசரே இல்லை. அதைக் கழற்றிவிட்டு, மறுபடி பூட்டுவதைப் போல ஸ்பானர் சாவியால் தட்டித் தட்டிச் சத்தம் எழுப்பியிருக்கிறார், அவ்வளவுதான். எனக்கு முகம் வைக்க இடமில்லை. அவரோ அந்தக் காகிதத்தை மடித்து பிஸ்கட் தகரத்தில் போட்டுவிட்டு, "நல்லது, இப்போது வேலை தொடங்கலாம்" என்றார்.

அன்றிலிருந்து அதுவே எங்கள் முறை. ஸ்பேசர் வேண்டும் என்று வருகிறவருக்குத் தேநீர், கதவு சாத்தல், மூன்று ஓட்டம், ஒட்டிய உறை. சாவி தட்டுகிற வேலை எனக்கு வந்தது. அதில் நான் தேர்ச்சி பெற்றேன். ஒன்றும் செய்யாமல் நாற்பது நிமிடம் வேலைசெய்கிற சத்தம் எழுப்புவது சும்மா காரியமில்லை. இடையில் ஒருமுறை ஏதாவது கீழே விழவேண்டும், ஒருமுறை பெருமூச்சு விடவேண்டும், ஒருமுறை தமிழில் ஏசவேண்டும். ஏச்சுக்குத்தான் நல்ல பலன். வீடு விற்கிற தரகர் ஒருவர் மூன்று ஓட்டமும் ஸ்பேசர் இல்லாமலே ஓடினார். மூன்றாவதில் ஆசனம் முதுகை அடித்துத் தள்ளியது என்று எழுதினார். உறையைக் கிழித்துக் காட்டியும் மனம் மாறவில்லை. மினுக்கிய அலுமினியத்தில் ஒன்றை வாங்கிப் பூட்டிக்கொண்டுதான் போனார். பொனெட்டைத் திறந்தால் அழகாகத் தெரியுமாம். அது மட்டும் உண்மை.

தகரம் இப்படியே நிரம்பிக்கொண்டு வந்தது. எல்லாரும் ஏமாந்தவர்கள் என்று சொல்லமாட்டேன். சிலருடைய கால் உண்மையைச் சரியாகச் சொல்லியிருக்கிறது. அவர்கள் எழுதியதை மொரீன் தனியாக நீல நாடாவில் கட்டி வைத்திருந்தார். அந்தக் கட்டு மெல்லியது.

சிவநேசன் அண்ணையின் காகிதம் அந்த மெல்லிய கட்டில் இல்லை.

ரெய்னர்ஸ் லேனில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி மருந்துக்கடை வைத்திருந்தவர் அவர். கடையில் மாத்திரையை ஒருமுறைக்கு மூன்றுமுறை எண்ணுகிற மனிதர், வீட்டுக் கராஜில் முப்பதுகளின் அமெரிக்கக் கூப்பே கார் ஒன்றைப் பதினேழு வருடமாகக் கட்டிக்கொண்டிருந்தார். கார் வெறும் சட்டமாக இருந்த காலத்தில் அவருடைய மகள் மதுராவுக்கு ஏழு வயது. சட்டத்தின்மேல் ஒரு மரப்பெட்டியை வைத்து, அதில் ஏறி உட்கார்ந்துகொண்டு, என்னுடைய கலியாணத்துக்கு இதில்தான் போகவேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். பிள்ளைகள் சொல்லிவிட்டு மறந்துவிடும். அண்ணை மறக்கவில்லை. அவள் பள்ளி முடித்து, பல்கலைக்கழகம் முடித்து, எஞ்சினியராகி, மாப்பிள்ளையும் பார்த்த வருடத்தில்தான் கார் முழுதாகத் தெருவுக்கு வந்தது. கடும் சிவப்பு. வி-எய்ட் எஞ்சின். அதன் உச்சியில் நான் பூட்டிய, ஒரே ஓட்டை போட்ட, மினுக்கிய அலுமினிய ஸ்பேசர். அண்ணையும் மூன்று ஓட்டம் ஓடி, ஒன்றும் கண்டுபிடிக்க ஏலாமல், பளபளப்புக்காகத்தான் அதை எடுத்தார்.

ஒரு வைகாசி மாதத்தில் அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கராஜுக்கு வந்தார்.

"குணம், கார் நிண்டுபோகுது. தங்கச்சியின்ர மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில நிண்டுது. வருசப்பிறப்புக்குக் கோயில் வாசல்ல நிண்டுது. தம்பியின்ர கலியாணத்தில வேட்டியோட பன்ரெண்டு பேர் தள்ளினவை. கடைக்கு, பார்க்குக்கு, எங்க போனாலும் ஒரு பிரச்சினையும் இல்லை."

மொரீன் பென்சிலை எடுத்தார். எப்போது நிற்கிறது என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அண்ணைக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஆனால் வெட்கத்தில் தமிழில்தான் வந்தது.

"நல்ல காரியங்களுக்கு மட்டும்."

மொரீன் சிரிக்கவில்லை. படிவத்தில் குறைபாடு என்று இருந்த இடத்தில் அப்படியே எழுதினார்: நல்ல காரியங்களுக்கு மட்டும் நிற்கிறது.

விசயம் பகிடி இல்லை. மதுராவின் கலியாணத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. அண்ணையின் மனைவி பவளம் அக்காவுக்கு அந்தக் காரைக் கண்ணில் காட்டக்கூடாது. அதற்கு தோசம் இருக்கிறது, இன்னொருமுறை நின்றால் பிள்ளை அதில் ஏறமாட்டாள், கார் விலைக்குப் போகும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். மதுராவிடம் கேட்டால், "அப்பாவோடதான் வருவன் மாமா, பட் அம்மாவோட ஃபைட் பண்ண ஏலாது" என்றாள். பதினேழு வருடம் கட்டிய காரில் தன் மகளைத் தானே ஓட்டிக்கொண்டு போவாரா, அல்லது வேட்டியோடு பின்னால் நின்று தள்ளுவாரா என்பதுதான் கேள்வி.  ஸ்பேசர் பூட்டிய கை என்னுடையது என்பதால் எனக்கும் நித்திரை இல்லை.

இரண்டு நாள் காரைச் சோதித்தோம். ஹாங்கர் லேன் நெரிசலில் விட்டோம். நிற்பாட்டி, அரைமணி நேரம் வைத்து, மறுபடி கிளப்பினோம். முதல் திருப்பிலேயே பிடித்தது. எத்தனை தரம் செய்தாலும் அதே. மூன்றாம் நாள் மொரீன் ஸ்டொப்வொட்சை நிறுத்தினார்.

"நாங்கள் தவறான இடத்தில் அளக்கிறோம், குணம். அவர்களோடு ஒரு நல்ல காரியத்துக்குப் போ. கையை வைக்காதே. என்ன செய்கிறார்கள் என்று மட்டும் பார். நேரத்தை எழுது."

அடுத்த கிழமை அண்ணைக்கும் அக்காவுக்கும் திருமண நாள். ஆர்ச்வே ஏற்றத்தில் இருக்கிற முருகன் கோயிலுக்குப் போய், கலியாணத்துக்கு முன்னோட்டமாகக் காருக்கும் ஒரு பூசை செய்வதாக ஏற்பாடு. நான் பின் ஆசனத்தில் ஒரு கொப்பியோடு இருந்தேன். வெளிக்கிட முதல் பவளம் அக்கா காரை அலங்கரித்தார். என் கண் அங்கேயே திறந்திருக்க வேண்டும். காற்று உள்ளே போகிற முன்பக்கக் கிறிலை முழுவதும் மூடுகிற மாதிரி, கை மொத்தத்தில் ஒரு செவ்வந்தி மாலை. அதன்மேல் இன்னொன்று. பொனெட்டின் இரு பக்கமும் சூட்டுக் காற்று வெளியேறுகிற வெட்டுகளுக்கு மேலே பட்டுச் சால்வை. நல்ல வெயில். ரெய்னர்ஸ் லேனிலிருந்து ஆர்ச்வே வரை மூச்சுத்திணறிக்கொண்டு வந்த எஞ்சின், கடைசியில் அந்த ஏற்றத்தையும் முதல் கியரில் ஏறியது. கோயில் வாசலில் ஐயர் கையைக் காட்டினார்.

"எஞ்சினை நிப்பாட்டுங்கோ. மந்திரம் கேக்காது."

நிறுத்தினார்கள். எஞ்சின் நின்றால் விசிறி நிற்கும், தண்ணீர் ஓட்டம் நிற்கும், ஆனால் இரும்பின் சூடு நிற்காது. அது நேரே மேலே ஏறும். அலுமினியத்தைப் போல அதற்கு வசதியான ஏணி வேறில்லை. இப்போதைய பெட்ரோலில் மதுசாரமும் கலந்திருக்கிறது. அது முன்னையதைவிடச் சீக்கிரம் கொதிக்கும். குடித்துவிட்டுக் கோயிலுக்கு வந்த பெட்ரோல், காபரேட்டருக்குள்ளே பொங்கி வழிந்துகொண்டிருந்தது. வெளியே தேங்காய் உடைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள், நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், சந்தனம் பூசினார்கள், படம் எடுத்தார்கள், வராத மச்சானுக்காக மறுபடி எடுத்தார்கள். என் கொப்பியில் இருபத்தொரு நிமிடம்.

அண்ணை ஏறித் திறப்பைத் திருப்பினார். எஞ்சின் இருமியது. எலுமிச்சம்பழம் நசியவில்லை. கோயில் ஏற்றத்தில் இருந்த புண்ணியத்துக்கு, காரை மலை அடிவாரம் வரை உருட்டி, பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் கிளப்பினோம். பவளம் அக்கா அங்கேயே நின்று தொலைபேசியில் வெள்ளை லிமோசீன் ஒன்றைப் பதிவு செய்தார். அண்ணை ஸ்டியரிங் சுக்கானில் தலையை வைத்தபடி இருந்தார்.

திங்கட்கிழமை மொரீனிடம் கொப்பியை நீட்டினேன். படித்தார். மாலை எவ்வளவு தடிப்பு என்று கேட்டார். விரலால் காட்டினேன்.

"அளந்தாயா?"

ரெய்னர்ஸ் லேன் பூக்கடையில் போய் அதே மாலை இரண்டு வாங்கிவந்தேன். அதன்பிறகு பார்க் ரோயலில் நடந்ததை நம்புவது உங்கள் விருப்பம். காரை ஓட்டிச் சூடாக்கி, மாலை போட்டு, சால்வைக்குப் பதில் மேசை விரிப்புப் போட்டு, நிறுத்தினோம். மொரீன் ஐயரானார்.

"இப்போது என்ன?"

"தேங்காய்."

"எத்தனை நிமிடம்?"

"மூன்று. சிலவேளை உடையாது."

மூன்று நிமிடம் எண்ணினார். மணியடிக்க வேண்டிய இடத்தில் சாவியால் தகரத்தில் தட்டினார். எலுமிச்சம்பழம் இல்லை என்று தோடம்பழம் வைத்தார். இருபத்தொரு நிமிடத்தில் திறப்பைத் திருப்பினோம். எஞ்சின் இருமியது. மொரீன் முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் காணவில்லை. ஒரு வண்டியைக் கெடுத்துக் காட்டமுடிந்தால் பாதி திருத்தியாயிற்று என்பது அவர் கொள்கை.

அலுமினியத்தைக் கழற்றிவிட்டு மர ஸ்பேசரைப் பூட்டினோம். பலகை அடுக்கி ஒட்டிய, நாலு துளை போட்டது. மரம் சூட்டை மேலே விடாது. ஒரு அங்குலம் பூட்டியபோது கார் உடனே பிடித்தது. ஆனால் காபரேட்டர் உயர்ந்துவிட்டதால் பொனெட் மூட மறுத்தது. அந்தக் கூப்பேயின் பொனெட்டை வெட்டச் சொல்வதும் அண்ணையின் மூக்கை வெட்டச் சொல்வதும் ஒன்றுதான். அரை அங்குலத்துக்கு இறங்கினோம். மூடியது. ஆனால் பூசை முடிந்தபின் எஞ்சின் சிலதரம் பிடித்தது, சிலதரம் இருமியது. புதுப் பம்பும் பெட்ரோல் திரும்பிப் போகிற குழாயும் போட்டால் முழுதாகத் தீரும். அதற்குப் பெட்ரோல் ராங்கைக் கழற்ற வேண்டும். கலியாணத்துக்கு ஐந்து நாள் இருந்தது. கடைசியாகப் பூசை நேரத்தில் பொனெட்டைத் திறந்துவைத்து, பெட்ரோல் குழாயில் ஒரு ஈரத்துணியைச் சுற்றிப் பார்த்தோம். ஆறு தரம் செய்தோம். ஆறு தரமும் முதல் திருப்பிலேயே பிடித்தது.

"அவ்வளவுதான். அவர்களிடம் போய்ச் சொல்," என்றார் மொரீன். பாவம், அவருக்கு எங்கள் ஆட்களைத் தெரியாது.

போய்ச் சொன்னேன். மாலையைக் கொஞ்சம் ஒதுக்கிப் போடலாம், பூசையின்போது பொனெட் திறந்திருக்கட்டும் என்றேன். பவளம் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மாலை இல்லாமப் போக இதென்ன செத்தவீடோ? கலியாணக் காரை வாயைத் திறந்துகொண்டு நிக்கவிட்டு, சனம் என்ன சொல்லும்? உங்கட ஸ்பேசரும் நீங்களும்!"

வீட்டுக்கு வந்து யோசித்தேன். சூடு, மரம், மதுசாரம் எல்லாம் உண்மை. ஆனால் வழக்கத்தோடு உண்மையை மோதவிட்டால் உண்மைக்குத்தான் காயம் வரும். வழக்கத்தை இன்னொரு வழக்கத்தால்தான் வெல்லலாம். தேநீர் அறைக்கு வெளியே இத்தனை வருடம் சாவி தட்டிய கை எனக்கு. அடுத்த நாள் காலை குளித்து, திருநீறு பூசி, முகத்தை நீட்டி வைத்துக்கொண்டு மறுபடி போனேன்.

"அக்கா, ஒரு விசயம். எஞ்சினுக்குக் கழுத்து மாத்தியிருக்கிறம். அப்பிடி மாத்தின வண்டிக்கு முதல் பூசை செய்யேக்க, மஞ்சள் தண்ணியில நனைச்ச துணியை உள்ளுக்குக் கட்டி, பொனெட்டைத் திறந்து விடவேணும். தோசம் அதாலதான் வெளிய போகும். நெருப்பு மட்டும் கிட்டக் கொண்டுபோகக் கூடாது."

 அக்காவுக்குத் தெரியாத ஒரு சாத்திரத்தை ஒரு மெக்கானிக் சொல்வதா! கண்ணைச் சுருக்கினார். பிறகு மெல்லத் தலையை ஆட்டினார்.

"ஓம் ஓம். உது எனக்குத் தெரியும். எங்கட அம்மாவும் சொல்லுறவ. நான்தான் மறந்துபோனன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தபின்தான் மூச்சு விட்டேன்.

கலியாண நாள் கொதித்தது. லண்டனில் வருடத்தில் நாலு நாள்தான் அப்படி வெயில் எறிக்கும். அதில் ஒன்று எங்களுக்கு வாய்த்தது. சிவப்புக் கூப்பேயில் அண்ணையும் மதுராவும். பின்னால் வெள்ளை லிமோசீன், காத்திருக்கிற கழுகு மாதிரி. அதன் பின்னால் என் காரில் நானும் மொரீனும். மொரீன் தொப்பி போட்டிருந்தார். ஸ்டொப்வொட்ச் கைப்பைக்குள் இருந்தது. கோயிலில் கும்பிட்டுவிட்டு, முகூர்த்தத்துக்கு முன் மதுராவை ஃபின்ச்லி மண்டபத்தில் இறக்க வேண்டும். 

வாசலில் எஞ்சினை நிறுத்தினார்கள். நான் பொனெட்டைத் திறந்து, மஞ்சள் துணியைப் பிழிந்து, பெட்ரோல் குழாயில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். பவளம் அக்கா பக்கத்தில் நின்று, தனக்கு எல்லாம் தெரிந்தமாதிரி, இறுக்கிக் கட்டு, இன்னும் நனை என்று நடத்தினார். ஐயர் கற்பூரத் தட்டோடு கிட்ட வந்தார். நான் குறுக்கே விழாத குறையாக மறித்தேன்.

"ஐயா, தேங்காயோட அங்கால நில்லுங்கோ. கற்பூரம் கோயில் படியிலயே எரியட்டும்."

"இதென்ன புது வழக்கம்? எந்தப் பகுதியில செய்யிறவை?"

"மெக்கானிக் பகுதியில, ஐயா. உள்ளுக்குப் பெட்ரோல் கொதிச்சுக்கொண்டு நிக்குது."

ஐயர் என்னைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார், தட்டோடு பத்தடி பின்னுக்குப் போனார். மந்திரத்தில் மட்டும் குறை வைக்கவில்லை.

கார்க் கண்ணாடி வழியாக மதுரா என்னைக் கூப்பிட்டாள். தலையில் பூவோடு, குரலைத் தாழ்த்தி, "குணம் மாமா, தட்ஸ் எ வெட் ராக், இல்லையா?" என்றாள்.

"எஞ்சினியர் பிள்ளை, வாயைப் பொத்திக்கொண்டு இரு."

அவள் கண்ணை மூடிக் கும்பிடுகிற மாதிரிச் சிரித்தாள்.

எலுமிச்சம்பழம் வைத்தார்கள். படம் எடுத்தார்கள். அண்ணை திறப்பில் கையை வைத்தார். எடுத்தார். வேட்டியில் துடைத்தார். மறுபடி வைத்தார்.  லிமோசீன் சாரதி வடையைக் கடித்தபடி கதவைப் பாதி திறந்துவிட்டான். திறப்பைத் திருப்பினார். அரைத் திருப்பிலேயே அந்த வி-எய்ட் உறுமிய உறுமலில் கோயில் மாடத்துப் புறா எல்லாம் எழும்பிப் பறந்தது. கார் நகர, நாலு எலுமிச்சம்பழமும் ஒரே நேரத்தில் நசிந்தது. அண்ணை அழுதார். மதுரா அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கியது. கற்பூரப் புகை என்று சொல்லிவிட்டேன், கற்பூரம் பத்தடிக்கு அப்பால் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

மொரீன் கைப்பைக்குள் பார்த்தார். "இருபத்துநாலு நிமிடம். மரமா, காற்றா, துணியா, எது வேலை செய்தது? ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு மறுபடி செய்தால்தான் தெரியும்."

"மதுராவுக்கு இன்னும் மூன்று கலியாணம் செய்து பார்ப்போமா?"

அவரோடு வேலைசெய்த அத்தனை வருடத்திலும் நான் அவரைச் சத்தமாகச் சிரிக்கவைத்தது அன்று மட்டும்தான்.

பிறகு அண்ணையின் காருக்கு ஆறுதலாகப் பம்பும் குழாயும் போட்டோம். அரை அங்குல மரத்தைக் கழற்றி, அந்தப் படிவத்தோடு சேர்த்து மொரீன் தகரத்தில் போட்டார். தகரத்தை அங்கேயே விட்டு, கராஜை விற்றுவிட்டு இப்போது கடற்கரைப் பக்கம் இருக்கிறார். அலையை அளக்கிறாரோ தெரியாது.

கதை இத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போன மாதம் ஆர்ச்வே கோயிலுக்குப் போனேன். வாசலில் ஒரு புத்தம்புதிய மின்சாரக் கார், மாலையோடு நின்றது. முன் பொனெட் திறந்திருந்தது. உள்ளே எஞ்சினும் இல்லை, ஒன்றும் இல்லை. சாமான் வைக்கிற வெறும் பெட்டி. எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, மஞ்சள் தண்ணீரில் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து, கட்ட வேறு இடம் கிடைக்காமல், கண்ணாடி கழுவுகிற தண்ணீர்ப் போத்தலின் மூடியில் சுற்றிக்கொண்டிருந்தார். மகன் பக்கத்தில் கைகட்டி நின்றான். கற்பூரத் தட்டு பத்தடி தள்ளி, படியில் இருந்தது.

என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "அக்கா, உது ஏன்?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "தம்பி, லண்டனுக்குப் புதுசோ? இது எங்கட ஆக்கள் காலங்காலமாச் செய்யிறது. துணி காயக் கூடாது. காய்ஞ்சால் வண்டி ஸ்டார்ட் வராது."

"இது கரண்டுக் கார் எல்லோ, அக்கா?"

"என்ன காரெண்டாலும் தோசம் தோசம்தானே."

 துணி ஒரு பக்கம் காய்ந்திருந்தது. செம்பை வாங்கி, நானே கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டேன். மகன் உள்ளே ஏறி உட்கார்ந்து ஒரு பொத்தானை அழுத்தினான். ஒரு சத்தமும் இல்லை. அம்மா குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தார்.

"என்ன மோனை, ஸ்டார்ட் வந்திட்டுதோ?"

"ஓம் அம்மா, வந்திட்டுது."

கார் நகர, சில்லுக்கடியில் இருந்த எலுமிச்சம்பழம் நாலும் நசிந்தது. அம்மா என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியளே?"

"பாத்தனான், அக்கா," என்றேன்.